தனுவின் குறையும் வினையின் கணக்கும்

ஒரு பெண்ணின் மார்பகத்தில் தோன்றும் புற்றுக்கட்டி அவள் முற்பிறவியில் செய்த வினையின் பயனா, அல்லது தாய்வழியிலோ தந்தைவழியிலோ அவள் உடலுக்கு வந்து சேர்ந்த ஒரு மரபணுவின் குறையா என்னும் கேள்வி, சைவ சித்தாந்தம் மடங்களின் பாடமாக மட்டுமன்றி வீட்டுப் பேச்சிலும் ஊறியிருக்கும் தஞ்சை மண்ணில், ஏட்டளவில் நின்றுவிடுகிற கேள்வி அன்று. 'எந்த ஜென்மத்துப் பாவமோ', 'தலையெழுத்து' என்று உறவினர் வாயில் வரும் சொற்கள் பெரும்பாலும் இரக்கத்தில் பிறப்பவையே; ஆயினும் கேட்கிற பெண்ணின் காதில் அவை தீர்ப்பாக விழுகின்றன. அண்மைக் காலத்தில் மரபணு என்ற சொல்லும் அதே இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. 'அது அவங்க ரத்தத்துலயே இருக்கு' என்று ஒருவர் சொல்லும்போது பழைய தலையெழுத்துக்குப் புதிய பெயர் கிடைக்கிறதே ஒழிய, அப்பெண்ணை நோக்கி நீளும் விரல் மடங்குவதில்லை. மரபணுவையும் வினையையும் இப்படி ஒன்றாக்குவது அறிவியலின்படியும் பொருந்தாது, சித்தாந்தத்தின்படியும் பொருந்தாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மார்பகத்தின் பால் நாளங்களை உள்ளே போர்த்தியிருக்கும் உயிரணுக்கள், பூப்பு, மாதவிலக்கு, கருவுறுதல், பாலூட்டல் என்று ஒவ்வொரு பருவத்திலும் ஹார்மோன்களின் ஏவலுக்கேற்பப் பெருகியும் ஒடுங்கியும் வருபவை. இப்பெருக்கத்தை முடுக்கிவிடும் மரபணுக்கள் சில உண்டு. வேண்டிய அளவு ஆனதும் நிறுத்துபவை, பழுதுபட்ட உயிரணுவைப் பிரியவிடாமல் தடுப்பவை, திருத்த முடியாத பழுதானால் அவ்வுயிரணு தானே மடியும்படி செய்பவை என வேறு சில உண்டு. பின்னவற்றையே கட்டியடக்கி மரபணுக்கள் என்பர். முடுக்கும் மரபணு கெட்டால், திறந்த மதகு துருவேறி மூட மறுத்தது போலாகும். அடக்கும் மரபணு கெட்டால், மதகை இறக்க வேண்டிய ஆளே இல்லாமற் போனது போலாகும். இவ்வடக்கிகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது பி53 என்னும் புரதம். 1979-இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தைப் பத்தாண்டுக் காலம் புற்றை உண்டாக்கும் ஒன்றாகவே ஆய்வாளர் கருதியிருந்தனர். ஆய்வுக்கூடங்களில் அவர்கள் கையாண்ட மரபணுப் படிகள் முன்பே பழுதுபட்டவை என்பதும், பழுதற்ற பி53 புற்றைத் தடுக்கும் காவல் என்பதும் 1989-இல்தான் தெளிவாயின. குற்றம் செய்ததாக எண்ணப்பட்டது காவலாகத் தெளிந்த இவ்வரலாறு, நோயின் காரணத்தை விரைந்து தீர்மானித்துவிடுவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

காவிரிப் படுகையில் 'உடைப்பு' என்ற ஒரு சொல்லே நள்ளிரவில் ஊரை எழுப்பப் போதுமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றங்கரை அறுத்துக்கொண்டால், சவுக்குக் கட்டைகளை இறக்கி, மூங்கில் தட்டி கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கி அன்றிரவே அடைத்தாக வேண்டும். அவசரத்தில் அடைத்த அடைப்பு நீரை நிறுத்தும், ஆனால் கரை பழைய கரையாக இராது. கோடையில், பழுதுபடாத எதிர்க்கரையின் உயரத்தையும் சரிவையும் பார்த்து அளவெடுத்து மண்ணைக் கொட்டிக் கெட்டித்தால்தான் அது மறுபடி கரையாகும். உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏவின் இரு இழைகளும் ஒருசேர அறுந்துபோகும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுவே. பழுதற்ற மற்றொரு படியை அருகில் வைத்து, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரியாகத் திருத்தும் வழி ஒன்று. அறுந்த முனைகளை எப்படியேனும் ஒட்டிவைத்துவிடும் வழி இன்னொன்று. முதல் வழிக்கு இன்றியமையாத புரதங்களை ஆக்குபவை பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்னும் இரு கட்டியடக்கி மரபணுக்கள். மேரி-கிளேர் கிங் என்னும் அமெரிக்க அறிவியலார் 1990-இல் முதலாவது மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் குடும்ப வரலாறுகளைக் கொண்டு நிறுவினார்; 1994-இல் அம்மரபணுவும், 1995-இல் 13-ஆம் குரோமோசோமில் உள்ள இரண்டாவதும் பிரித்தறியப்பட்டன. இவை செயலிழந்த உயிரணு, ஒட்டுப்போட்ட கரைகளோடே அடுத்தடுத்த வெள்ளங்களைச் சந்திக்கிறது. ஒவ்வோர் ஒட்டிலும் சில எழுத்துகள் தொலைகின்றன. தொலைந்தவற்றுள் மற்றோர் அடக்கியின் எழுத்துகளும் ஒருநாள் அடங்கிவிடும்போது புற்று தொடங்குகிறது.

இங்கே கவனமாகப் பிரித்தறிய வேண்டிய ஒன்று உண்டு. மரபணு கெட்டதால் வரும் நோய் என்பதும், மரபுவழி வரும் நோய் என்பதும் வேறு வேறு. மார்பகப் புற்றுநோய்கள் அனைத்திலும் ஏதேனும் சில மரபணுக்கள் கெட்டிருக்கும். ஏறத்தாழப் பத்தில் மூன்று கட்டிகளில் பி53-க்குரிய மரபணுவே கெட்டிருக்கிறது. ஆனால் அக்கேடு பெரும்பாலும் வாழ்நாளில் அந்த ஓர் உயிரணுவுக்குள் நேர்ந்தது. பெற்றோரிடமிருந்து வந்ததும் அன்று, பிள்ளைகளுக்குப் போவதும் அன்று. பிறக்கும்போதே உடலின் எல்லா உயிரணுக்களிலும் குறைபட்ட ஒரு படியைப் பெற்றுவருவதால் உண்டாகும் மார்பகப் புற்றுநோய், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே. அவ்வாறு பெற்றுவந்தவரிடமும் நோய் உடனே விளைவதில்லை. ஒவ்வொரு மரபணுவும் தாய் தந்த படி, தந்தை தந்த படி என இரண்டாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது படியும் ஏதேனும் ஓர் உயிரணுவில் தொலைந்தால்தான் அடக்கும் காவல் அற்றுப்போகிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றை ஆராய்ந்து ஆல்ஃபிரட் நுட்சன் 1971-இல் முன்வைத்த 'இரு அடிக் கோட்பாடு' இதுவே. முதல் அடி பிறப்போடு வந்திருக்கலாம்; இரண்டாம் அடி எப்போது, எந்த உயிரணுவில், விழுமா விழாதா என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிஆர்சிஏ-1 குறையுள்ள பெண்களில் நூற்றுக்கு 72 பேருக்கும் பிஆர்சிஏ-2 குறையுள்ளோரில் 69 பேருக்கும் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்று கணித்தது. அச்சமூட்டும் எண்ணிக்கைதான், ஆனால் அதே குறையைச் சுமந்துகொண்டு மார்பகப் புற்று வராமலே முதுமை காணும் பெண்கள் ஏறத்தாழ முப்பது பேர் அதே நூற்றுக்குள் இருக்கின்றனர் என்பதையும் அந்த எண்ணிக்கையே சொல்கிறது.

மரபணுக் குறை பழிக்குரியதன்று என்பதற்குத் தமிழகத்திலிருந்தே ஒரு சான்று காணலாம். பிஆர்சிஏ-1 மரபணுவில் 185-ஆம் இடத்தை ஒட்டி இரண்டே எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு குறை, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதக் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவது. எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுவதால், இரண்டு விடுபட்டதும் அதன் பின் வரும் அனைத்தும் இடம் மாறிப் பொருளிழக்க, 1,863 அமினோ அமிலங்கள் கொண்டதாக வளர வேண்டிய புரதம் 39-ஆம் இடத்திலேயே முறிந்து நின்றுவிடுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பெண்களிடையே நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதே குறை அடிக்கடி காணப்பட்டது. இந்தியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, அக்குறை யூதரிடமிருந்து வந்ததன்று, இங்கே தனியாகத் தோன்றியது என்று காட்டியது. ஒரே இடத்தில், ஒரே இரண்டு எழுத்துகள், தொடர்பற்ற இரு மக்களிடையே தாமாகவே தவறியிருக்கின்றன. ஏடு பெயர்த்தெழுதுவோர் சில இடங்களில் திரும்பத் திரும்ப ஒரே விதமாகக் கண் தவறுவது சுவடி பதிப்பித்தவர்கள் அறிந்த செய்தி. அவ்விடத்து எழுத்தமைப்பே அத்தவற்றுக்கு இடங்கொடுக்கும். அதனைப் பெயர்த்தெழுதியவரின் ஒழுக்கக் கேடு என்று எந்தப் பதிப்பாசிரியரும் எழுதியதில்லை.

இனி, வினை என்று சைவ சித்தாந்தம் சொல்வது எதை என்று பார்க்க வேண்டும். திருவாவடுதுறை, தருமபுரம் மடங்களில் இன்றும் பாடம் சொல்லப்படும் அச்சாத்திரத்தின்படி, உயிரைப் பிணித்திருப்பவை ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று மலங்கள். கன்மம் என்பது வினை. அது முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகர்வதற்கென எடுத்துவரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம் என மூவகைப்படும். விளைந்த நெல்லில் ஒரு பகுதியை உண்டு மறுபகுதியை விதைக்கு வைக்கும் உழவரைப் போல, நுகர்வே அடுத்த வினைக்கு வித்தாகும் என்று சைவ ஆசிரியர்கள் விளக்குவர். குருவின் தீட்சையால் சஞ்சிதம் வறுத்த விதை போலாகி முளைக்காமற்போகும் என்றும் கூறுவர். மாயையோ முற்றிலும் வேறானது. உயிருக்கு உடலாகிய தனு, கருவிகளாகிய கரணம், உலகமாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் ஆகிய நான்கும் மாயையின் காரியங்கள். அதாவது, உடலும் உடலுக்குள் இருக்கும் நுண்பொருள் அனைத்தும், இன்றைய மொழியில் சொன்னால் குரோமோசோமும் மரபணுவும் உட்பட, மாயையின் பக்கம் நிற்பவை. அதன்படி மரபணு தனுவின் உறுப்பு. வினையின் கணக்கேடு ஆகாது.

இவ்வேறுபாட்டைச் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. சித்தாந்தம் எண்ணும் முப்பத்தாறு தத்துவங்களுள் நியதி என்று ஒன்று வைக்கப்பட்டிருப்பதன் காரணம், ஒருவர் செய்த வினையின் பயன் மற்றொருவருக்குப் போய்ச் சேராமல் செய்தவருக்கே வரையறுப்பதுதான். ஆனால் மரபணு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்கிறது. பாட்டியிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகளுக்கும் போகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதே இயல்பான ஒன்றை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகவே போகாத வினையோடு ஒன்றாக்குவது எப்படி? 'அவங்க பாட்டி செஞ்சது, பேத்தி அனுபவிக்கிறா' என்ற வழக்கு நியதித் தத்துவத்துக்கே முரணானது என்பதை, அதைச் சொல்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். உடல் மாயையால் ஆனதாயினும், எந்த உயிருக்கு எந்த உடல் என்பது அவ்வுயிரின் வினைக்கு ஏற்பத்தானே கூட்டப்படுகிறது, எனவே குறையுள்ள மரபணுவை உடைய உடல் வாய்த்ததும் வினையால்தானே என்று சித்தாந்தி கேட்பார். கேள்வி நியாயமானது, சாத்திரம் அவ்வாறு சொல்வதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சாத்திரம் வினை சடம், அறிவற்றது, தானே தன் முதலாளியைத் தேடிச் சென்று சேராது என்றும், எவ்வினையை எவ்வுயிருக்கு எப்போது கூட்டுவது என்பது இறைவன் ஒருவனே அறிந்தது என்றும் அழுத்தமாகச் சொல்கிறது. வினையிலிருந்து உடலுக்கு வரும் வழியை அவன் அறிவான். உடலின் நோயைப் பார்த்து அவ்வழியே பின்னோக்கி நடந்து, இன்ன பாவம் செய்தாள் என்று கண்டுசொல்லும் உரிமை எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. மேலும் சித்தாந்தத்தில் உடல் தண்டனைக்கான சிறை அன்று. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குச் சிறிதேனும் வெளிச்சம் காட்டும் விளக்காக, அருளால் கொடுக்கப்பட்டது. விளக்கில் திரி கோணியிருந்தால் திரியைத் திருத்துவதே முறை.

எல்லா நோயும் பழவினையே என்ற எண்ணத்தை மறுத்த வேறொரு மரபும் இம்மண்ணில் வாழ்ந்தது. இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் நிலக்கொடையாக அளிக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. பௌத்தரின் பாலித் திரிபிடகத்தில், சீவகன் என்னும் துறவிக்குப் புத்தர் தந்த விடை ஒன்று உள்ளது: பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாற்றம், முறைகேடான பழக்கம், தாக்குதல், வினைப்பயன் என நோய்த் துன்பத்துக்குக் காரணம் எட்டு, அனைத்தும் முன்வினையே என்போர் கண்ணால் கண்டதையும் உலகம் ஒப்பியதையும் மீறிச் செல்கின்றனர். எட்டில் ஒன்றாக வினையை வைத்த அந்த நிதானம் போற்றத்தக்கது.

சைவ மரபிலும் அருளாளர் செயல் இன்னும் தெளிவான விடை தருகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர், கொள்ளிடத்தின் வடகரையில் இன்று திருவாசி எனப்படும் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு வந்தபோது, கொல்லிமழவன் என்னும் தலைவனின் மகள் முயலகன் என்ற நோயால் உணர்விழந்து கோயிலில் கிடத்தப்பட்டிருந்தாள் என்று பெரியபுராணம் கூறும். அங்கே அவர் பாடிய பதிகம் அப்பெண்ணின் வினையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இவளை இப்படி வாடவிடுவது இவருக்குப் பெருமையா என்று இறைவனைக் குறித்தே மீண்டும் மீண்டும் கேட்கிறது. கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைக் குளிர்காய்ச்சல் வருத்தியபோது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம், வினைக்குப் பயன் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்கி, அதை அறிந்தும் தப்பும் வழியைத் தேடாமல் இருப்பதுதான் குறை என்று அடுத்த அடியிலேயே திரும்புகிறது. வினைக்கொள்கையைக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்குச் சான்றாக்குவோர் இத்திருப்பத்தைக் கடந்துசெல்ல முடியாது. இராசராசனின் தமக்கை குந்தவை தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் அளித்ததும் இந்தத் திருப்பத்தின் வழிவந்த செயலே.

தருமபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள வைத்தீசுவரன் கோயில் இக்கேள்வியின் இரு பக்கங்களையும் ஒரே ஊரில் வைத்திருக்கிறது. கோயிலுக்குள், இறைவன் மருத்துவராகவும் அம்மை தையல்நாயகியாகவும் எழுந்தருளியிருக்க, நோயுற்றோர் உப்பும் மிளகும் காணிக்கையிட்டு, சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, திருச்சாந்துருண்டையை மருந்தாகப் பெற்றுச் செல்கின்றனர். வெளியே வீதிகளில் நாடி சோதிடர்கள், ஆணாயின் வலக்கை, பெண்ணாயின் இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பதிந்துகொண்டு, அவருக்கென்றே எழுதப்பட்டதாக நம்பப்படும் ஓலையைத் தேடி எடுத்து வாசிக்கின்றனர். மரபணுச் சோதனையின் முடிவைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு அதுவும் ஓர் ஓலையாகவே தோன்றுவது இயல்பு. ஆனால் ஓலை ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. சோதனை முடிவு நூறு பெண்களைப் பற்றிப் பேசுகிறது, அந்த நூற்றில் இவள் எத்தனையாவது என்று அதற்குத் தெரியாது. இன்னொன்றும் நோக்கத்தக்கது: விதியை வாசிக்கும் நாடியிலேகூட இறுதியில் பரிகார காண்டம் உண்டு. கேட்டுவிட்டு எழுந்து போவதற்காக ஓலை வாசிக்கப்படுவதில்லை. அடுத்து என்ன செய்வது என்பதற்காகவே வாசிக்கப்படுகிறது.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் இத்தத்துவப் பிழையின் விலை தெரிகிறது. வினை என்று நம்பும் வீட்டில் நோய் மறைக்கப்படுகிறது. மகளின் திருமணம் கெட்டுவிடும் என்று தாய் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மாதக்கணக்கில் புடவைக்குள் மூடிவைக்கிறாள். குலதோஷம் என்று சொன்னால் அக்குடும்பத்துப் பெண்கள் அனைவரும் அதற்குள் அடங்கிவிடுவர். மரபணுவோ அப்படிப் பற்றுவதில்லை. குறையுள்ள படியைப் பெறும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி. பெறாத மகள், பிற பெண்களைப் போன்ற இடரையே உடையவள், தன் பிள்ளைகளுக்கும் அதைத் தரமாட்டாள். பழி எப்போதும் தாய்வீட்டின் மேல் விழுவதும் பிழை. தனக்கு நோயின் குறி எதுவுமின்றியே தந்தை அப்படியைக் கடத்தக்கூடும், பிஆர்சிஏ-2 குறையுள்ள ஆண்களுக்கே மார்பகப் புற்று வருவதும் உண்டு. இந்தியாவில் 2020-இல் ஏறத்தாழ 1,78,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும் 90,000 பேர் இறந்ததாகவும் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. அந்த இறப்புகளுள் காலம் கடந்து வந்ததால் நேர்ந்தவை பல. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை விதி என்று விட்டுவிடாமல் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையை முன்னோட்டமாக நடத்தத் தேர்ந்த இரு மாவட்டங்களுள் தேனியோடு தஞ்சாவூரும் ஒன்று. பின்னர் மாநிலமெங்கும் விரிந்த அத்திட்டத்தில் மார்பகப் பரிசோதனையும் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் தானே நடந்துவந்து மார்பகத்தைக் காட்டத் துணிவது, அவளை யாரும் பாவி என்று எண்ணமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கும்போது மட்டுமே.

புற்றணுவை அகங்காரத்துக்கு உவமையாக்கி, அடக்கமிழந்த ஓர் உயிரணு உடலையே அழிப்பது போல ஆணவம் உயிரை அழிக்கும் என்று எழுதுவது எளிது. அவ்வுவமையைத் தவிர்ப்பதே நல்லது. ஏனெனில் உயிரணுவுக்கு அகங்காரம் இல்லை, கேட்கும் பெண்ணோ உவமையைத் தன்மேல் ஏற்றிக்கொள்வாள். மரபணுவின் உண்மையான போக்கு உவமையைவிட வியப்பானது. பிஆர்சிஏ மரபணுவின் இரண்டு படிகளையும் இழந்த புற்றணு, சிறு அறுப்புகளைத் திருத்தும் பார்ப் என்னும் மற்றொரு புரதத்தையே நம்பிப் பிழைக்கிறது. அப்புரதத்தை முடக்கினால் அத்தகைய அணுக்கள் மடியும் என்று 2005-இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின; அவ்வழியில் உருவான ஒலபாரிப் என்னும் மாத்திரை, மரபுவழிக் குறையால் வரும் மார்பகப் புற்றுக்கு 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே பெண்ணின் மற்ற உயிரணுக்களில் ஒரு நல்ல படி எஞ்சியிருப்பதால், உடைப்பைத் திருத்திக்கொண்டு அவை பெரிதும் தப்பிவிடுகின்றன. எந்த இழப்பால் கட்டி தோன்றியதோ அந்த இழப்பையே அடையாளமாகக் கொண்டு மருந்து புற்றணுவைத் தேடிப் பிடிக்கிறது. தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ பழுதின்றி வந்த அந்த இரண்டாவது படி, அவள் உடலின் மற்ற இடங்களிலெல்லாம் அவளைக் காத்து நிற்கிறது.